கேட்பதும் கேள்வி கேட்பதும்: எமது ஆங்கிலப் பாடவேளையின் வரலாறு

மலர்க்குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, வைத்தியர் என்பதால் நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ எழுதித் தருவேன் என்று எதிர்பார்த்திருக்கக்கூடும். அவற்றைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். எனது மனத்தில் நீண்ட காலமாகக் கிடப்பது எமது ஆங்கிலப் பாடவேளை. அந்த நாற்பது நிமிடத்துள் நாம் எதைக் கேட்கப் பழகினோம், எதைக் கேட்காமல் இருக்கப் பழகினோம் என்பதற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. எமது சங்கத்தின் நூறாவது ஆண்டில் அதைத் திரும்பிப் பார்ப்பது பொருத்தம் என்று நினைத்தேன்.

1990களின் முற்பகுதி. வெள்ளிக்கிழமைகளில் டிக்டேஷன். ரீச்சர் ஒரு பந்தியை மூன்று முறை வாசிப்பார். முதல் முறை கேட்பதற்கு மட்டும். இரண்டாம் முறை துண்டு துண்டாக, எழுதுவதற்கு. மூன்றாம் முறை சரிபார்ப்பதற்கு. இடையில் எவரும் வாய் திறக்கக் கூடாது. பின்னர் கொப்பிகளை மாற்றித் திருத்துவோம். பத்துக்கு எட்டு, பத்துக்கு ஒன்பது. மாலையில் வீட்டில் அம்மா, "அந்தப் பந்தியில என்ன சொல்லியிருந்தது?" என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எழுத்துக்கள் சரி, பொருள் இல்லை. ரீச்சரை நான் குறை சொல்லவில்லை. அவருக்கும் அவருடைய ரீச்சர் அப்படித்தான் படிப்பித்திருந்தார். அந்தத் தொடர் எங்கே தொடங்குகிறது என்பதுதான் எனது வினா.

டிக்டேஷன் வந்த வழி

யாழ்ப்பாணத்தில் ஆங்கிலக் கல்வியின் வேர் ஆழமானது. அமெரிக்க மிஷனரிமார் 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரியையும், 1824 இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையையும் தொடங்கினர். வட்டுக்கோட்டையில் கணிதமும் வானியலும் தத்துவமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. அங்கே கற்றவர்கள் ஆங்கிலத்தில் வாதம் செய்யவும் பழகினார்கள்.

ஆனால், 1830களில் கோல்புறூக் ஆணைக்குழுவின் விதந்துரைகளுக்குப் பின்னர் ஆங்கிலம் அரச உத்தியோகத்துக்கான வாசலாயிற்று. உத்தியோகத்துக்கு வேண்டியது துரை சொல்வதைச் சரியாகக் கேட்டுப் பிழையின்றி எழுதும் எழுதுவினைஞர். துரையைத் திருப்பிக் கேட்பவர் அந்த நாற்காலிக்கு வேண்டப்படவில்லை. பாடசாலையும் அந்த நாற்காலியை நோக்கியே பிள்ளைகளை ஆயத்தம் செய்தது.

இதற்கு மாறாக நடந்த ஒருவரை, வைத்தியர் என்ற முறையில் நான் நினைவுகூர வேண்டும். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்திலேயே மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலம் கற்றவர்கள் உத்தியோகம் தேடி ஊரை விட்டுப் போவதைக் கண்டார். 1860களில் அவர் தமிழில் கற்பிக்கத் தலைப்பட்டார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். தன்னிடம் படித்தவர்கள் ஊரிலேயே நின்று, ஊர்ச் சனத்தின் நோயைக் கேட்டறிந்து வைத்தியம் செய்ய வேண்டும் என்பது அவர் நோக்கம்.

பரீட்சைகளும் தம் பங்கைச் செய்தன. ஆங்கிலத்தைப் பிறமொழியாகக் கற்றவர்களுக்கென 1913 இல் கேம்பிரிட்ஜ் ஒரு தேர்ச்சிப் பரீட்சையை ஆரம்பித்தது. ஏறத்தாழ 12 மணி நேரம் நீண்ட அப்பரீட்சைக்கு முதல் ஆண்டில் தோற்றியவர்கள் மூவர்; ஒருவரும் சித்தியடையவில்லை. மொழிபெயர்ப்பு, இலக்கணம், கட்டுரை, ஒலியியல் ஆகியவற்றோடு டிக்டேஷனும் வாசிப்பும் உரையாடலும் அதில் இருந்தன. செவியைச் சோதிக்க அக்காலத்தவர் கைக்கொண்ட வழி டிக்டேஷன்தான். எமது வகுப்புக்கு அந்த டிக்டேஷன் தவறாமல் வந்து சேர்ந்தது. உரையாடல் எங்கோ வழியில் நின்றுவிட்டது.

தாய்மொழிக்கு மாறியபோது

இலவசக் கல்வி 1945 இல் வந்தது. அதற்கு முன்னர் ஆங்கிலப் பாடசாலைகளுக்குக் கட்டணம் கட்ட வேண்டும். தமிழ், சிங்களப் பாடசாலைகள் இலவசம். எவர் பிள்ளை ஆங்கிலம் கேட்கலாம் என்பதைத் தகப்பனின் வருமானம் தீர்மானித்தது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் தலைமையிலான விசேட குழு 1943 இல் வெளியிட்ட அறிக்கை அந்தச் சுவரை உடைக்க முனைந்தது. தாய்மொழி போதனாமொழியாக வேண்டும், ஆங்கிலம் எல்லாப் பிள்ளைகளுக்கும் இரண்டாம் மொழியாகக் கிடைக்க வேண்டும் என்பது அதன் கருத்து. 1950களிலும் 60களிலும் படிப்படியாக மேல் வகுப்புகளும் தாய்மொழிக்கு மாறின.

இந்த மாற்றம் இல்லாவிட்டால் என்னைப் போன்ற ஒருத்தி வைத்தியராகியிருக்க முடியாது. உயர்தரத்தில் உயிரியலையும் இரசாயனவியலையும் பௌதிகவியலையும் நான் தமிழில் கற்றேன். எனக்கு விளங்காததை வகுப்பில் எழுந்து நின்று கேட்டேன். "அது ஏன் அப்பிடி, ரீச்சர்?" என்று கேட்க எனக்கு மொழி இருந்தது.

ஆனால் மருத்துவபீடங்கள் ஆங்கிலத்திலேயே தொடர்ந்தன. தமிழில் விஞ்ஞானம் சிந்தித்த பிள்ளை ஒரு நாள் காலையில் ஆங்கில விரிவுரை மண்டபத்தில் போய் அமர்கிறாள். அந்த முதல் உடற்கூற்றியல் விரிவுரையை மறக்க முடியாது. எனக்குத் தெரிந்த ஒரே முறையில் கேட்டேன்: காதில் விழுந்த சொற்களை எல்லாம் எழுதினேன். ஒரு சொல்லைப் பிடிப்பதற்குள் மூன்று சொற்கள் போய்விட்டன. முடிவில் விரிவுரையாளர் கேள்விகள் உண்டா என்று கேட்டார். மண்டபம் அமைதியாக இருந்தது. எல்லோருக்கும் விளங்கிவிட்டது என்று அவர் எடுத்துக்கொண்டிருப்பார். எனக்குப் பக்கத்தில் இருந்தவளின் கொப்பியைப் பார்த்தேன். அதிலும் பாதி வசனங்கள் அந்தரத்தில் நின்றன. அன்று விடுதி அறையில் நாலு பேர் கொப்பிகளைக் கூட்டிவைத்து, தமிழில் கதைத்து, ஒருத்திக்கு விட்டுப்போனதை மற்றவளிடம் எடுத்து, விரிவுரையை மீளக் கட்டினோம். நாம் உண்மையில் விரிவுரையைக் கேட்டது அப்போதுதான்.

செவிக்கு ஒரு பாடம்

உலகின் மற்ற இடங்களிலும் செவியைப் பற்றிய எண்ணம் மெதுவாகத்தான் மாறியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கப் படையினருக்கு விரைவாக மொழிகளைக் கற்பிக்க வேண்டி வந்தது. அதனை ஒட்டி வளர்ந்த கற்பித்தல் முறையில் வாய்மொழிக்கு முதலிடம் கிடைத்தது. ஆனால் அங்கேயும் வேலை, கேட்டதைத் திருப்பிச் சொல்வதுதான். ஒலிநாடாக்களோடு மொழி ஆய்வுகூடங்கள் வந்தன. நாடா சொல்லும், பிள்ளை சொல்லும். நாடாவிடம் கேள்வி கேட்க முடியாது.

1970களிலிருந்து, கேட்டு விளங்குதல் தனியாகக் கற்பிக்க வேண்டிய ஒரு திறன் என்ற கருத்து வலுப்பெற்றது. வாசிப்பைப் போலவே அதிலும் உள்ளம் சும்மா இருப்பதில்லை. அடுத்து என்ன வரும் என்று ஊகிக்கிறது. முன்னர் அறிந்ததோடு பொருத்துகிறது. பொருந்தாவிட்டால் ஊகத்தை மாற்றுகிறது. பிரித்தானிய அறிஞர் ஜோன் ஃபீல்ட் 2008 இல் எழுதிய நூலில் ஒரு கசப்பான உண்மையைச் சொன்னார். வகுப்பில் நாடாவைப் போட்டு வினாக்களுக்கு விடை எழுதச் செய்யும்போது, ஆசிரியர் கேட்டலைச் சோதிக்கிறாரே தவிரக் கற்பிப்பதில்லை. சரியான விடை எழுதிய பிள்ளை அதை எப்படிக் கண்டுபிடித்தாள், பிழையாக எழுதியவளுக்கு எந்த இடத்தில் பிடி தவறியது என்று எவரும் பார்ப்பதில்லை. ஒரு வைத்தியருக்கு இது உடனே விளங்கும். காய்ச்சலின் அளவை மட்டும் எழுதிவிட்டுக் காரணத்தைத் தேடாமல் நோயாளியை வீட்டுக்கு அனுப்புவதற்கு ஒப்பானது அது.

நான் சாதாரண தரம் எழுதிய காலத்தில் ஆங்கிலத்துக்கு இரண்டு வினாத்தாள்கள். இரண்டும் எழுத்தில். செவிக்கு அங்கே வேலை இருக்கவில்லை. பரீட்சையில் வராதது வகுப்பிலும் மெலிந்துபோவது எங்கும் உள்ள வழக்கம்.

சைக்கிள் டைனமோவில் கேட்ட செய்தி

எமது பிள்ளைகளுக்கு ஆய்ந்து கேட்கத் தெரியாது என்று இதிலிருந்து எவரும் முடிவெடுத்தால் அது பெரும் பிழை.

1990இன் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மின்கலங்கள் தடைசெய்யப்பட்ட பொருட்களுள் இருந்தன. வாசகிகளுள் பலருக்கு நினைவிருக்கும்: சைக்கிளைக் கவிழ்த்து அல்லது ஸ்டாண்டில் நிறுத்தி, மிதியைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட மாலைகள். எங்கள் வீட்டில் சுற்றுவது எனது வேலை. கை சோர்ந்தால் குரல் தேயும். கொழும்பு ஒலிபரப்பு ஒன்று சொல்லும். பிபிசி தமிழோசை இன்னொன்று சொல்லும். வெரித்தாஸும் இந்திய வானொலியும் வேறு விதமாகச் சொல்லும். செய்தி முடிந்ததும் பெரியவர்கள் ஜாம் போத்தல் விளக்கைச் சுற்றி இருந்து எடைபோடுவார்கள். எவர் எண்ணிக்கையைக் கூட்டிச் சொன்னார்? எவர் எந்த ஊரின் பெயரை விட்டுவிட்டார்? "தெரிவிக்கப்படுகிறது" என்றால் யார் தெரிவித்தது? பத்திரிகை கூடச் சீராக வராத காலத்தில், ஒருவர் சொன்னதை அப்படியே நம்புவது ஆபத்து. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் நாங்கள் கற்றது உயர்தரமான செவிப்பயிற்சி. மறுநாள் காலையில் ஆங்கில வகுப்புக்கு வரும்போது அதை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு வந்தோம்.

அதே ஊரில் ஏறத்தாழ அதே காலத்தில் ஒருவர் இதைக் கவனித்து எழுதிக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பிற்காலத்தில்தான் தெரிந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, தனது வகுப்பில் இருந்த 22 கலைப்பீட முதலாண்டு மாணவர்களைப் பற்றி 1993 இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். பின்னர் 1999 இல் அதை விரித்து நூலாக்கினார். அமெரிக்காவில் ஆக்கப்பட்ட ஒரு பாடநூல் அவ்வகுப்பில் பயன்பட்டது. அதிலுள்ள வாழ்க்கைக்கும் வெளியே போர் நடந்த ஊருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மாணவர்கள் வகுப்பில் அமைதியாக இருந்து இலக்கணத்தையே வேண்டினார்கள். பரீட்சையில் சித்தியடைய வேண்டுமே. ஆனால் அவர்களுடைய பாடநூல்களின் ஓரங்களைப் பார்த்தால், படங்களும் பகிடிகளும் அரசியல் குறிப்புகளும் நிறைந்திருந்தன. வாயால் கேட்காத வினாக்கள் பக்க ஓரத்தில் எழுதப்பட்டிருந்தன. அதை வாசித்தபோது எனது கொப்பியின் கடைசிப் பக்கங்கள்தான் என் கண்முன் வந்தன.

1997 இல் டுவைட் அட்கின்சன் என்ற மொழிக்கல்வி அறிஞர், விமரிசனச் சிந்தனை என்பது மேற்குச் சமூகத்தில் ஊறிய ஒரு பழக்கமாக இருக்கலாம், பிற பண்பாட்டு மாணவர்களுக்கு அதைப் பாடமாகக் கற்பிக்குமுன் ஆசிரியர்கள் நிதானிக்க வேண்டும் என்று எழுதினார். அதற்குப் பலர் மறுப்பு எழுதினார்கள். அவருடைய எச்சரிக்கையில் நல்லெண்ணம் இருந்தது. ஆயினும் எமது பக்கத்திலிருந்து சொல்ல ஒன்று உண்டு. திருவள்ளுவர் கேள்வி என்ற அதிகாரத்தை 42ஆவதாக வைத்து, அறிவுடைமையை அதற்கு அடுத்ததாக வைத்தார். சொன்னவர் எவராயினும் சொன்னதன் மெய்யை ஆராய வேண்டும் என்ற குறளை அந்த இரண்டாவது அதிகாரத்தில் படித்திருக்கிறோம். நன்னூலின் பாயிரம், மாணாக்கர் பாடம் கேட்கும் முறையைச் சொல்லும்போது வினாவுவதையும், உடன் கற்போரோடு பயில்வதையும் அதன் பகுதியாகவே வைக்கிறது. அந்த நன்னூலுக்குக் காண்டிகையுரை செய்தவர் எங்கள் ஊர் ஆறுமுக நாவலர். காதால் கேட்பதற்கும் வாயால் வினாவுவதற்கும் தமிழில் ஒரே சொல்தான். ஆங்கிலப் பாடவேளையில்தான் அந்தச் சொல் இரண்டாகப் பிளந்தது; ஒரு பாதியை மட்டும் எமக்குத் தந்தார்கள்.

ஓர் இரவு, ஓர் இலக்கம்

இந்தப் பிளவின் விலையை உள்ளகப் பயிற்சிக் காலத்தில் அறிந்தேன். வைத்தியசாலையின் பெயர் இங்கு வேண்டியதில்லை. நள்ளிரவு கடந்த நேரம். விடுதியில் ஒரு நோயாளியின் நிலை மோசமாகியது. மேலதிகாரியான வைத்தியரைத் தொலைபேசியில் அழைத்தேன். இரைச்சலுக்கிடையில் அவர் ஆங்கிலத்தில் ஒரு மருந்தின் பெயரையும் அளவையும் வேகமாகச் சொன்னார். எனது காதில் "ஃபிஃப்டி" என்று விழுந்தது. "யெஸ், சேர்" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஐம்பது என்று எழுதினேன்.

பக்கத்தில் நின்ற தாதி அந்த அளவைப் பார்த்தார். பல வருட அனுபவம் உள்ளவர். "டொக்டர், ஐம்பதோ பதினைஞ்சோ? ஒருக்கால் திருப்பிக் கேளுங்கோ" என்றார். எனக்கு முகம் சிவந்தது. திரும்ப அழைத்தால் ஆங்கிலம் விளங்காதவள் என்று நினைப்பாரே என்ற கூச்சம். அவர் விடவில்லை. அழைத்தேன். "ஃபிஃப்டீன். ஒன், ஃபைவ்" என்றார் வைத்தியர், எந்தக் கோபமும் இல்லாமல்.

அந்த நோயாளி சுகமாக வீடு திரும்பினார். நான் அன்று நித்திரை கொள்ளவில்லை. இரண்டு சொற்களின் ஈற்றொலி மயங்கியது எவருக்கும் நேரக்கூடியது. என்னை உறுத்தியது வேறு. எழுதும்போதே அந்த அளவு கூடுதலாகத் தோன்றியது. ஆனாலும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை டிக்டேஷனில் இருந்த அதே பிள்ளையாகத்தான் அந்தத் தொலைபேசியையும் பிடித்திருந்தேன்.

ஆகாயத்தில் இதே பாடம் பெரும் விலை கொடுத்துக் கற்கப்பட்டது. 1977 மார்ச் 27 அன்று, ஸ்பெயினுக்குரிய தெனெரீஃப் தீவின் விமான ஓடுபாதையில் இரண்டு பெரிய விமானங்கள் மோதின. 583 பேர் இறந்தனர். மூடுபனியில், டச்சு விமானிகளும் ஸ்பானியக் கட்டுப்பாட்டாளரும் தத்தம் தாய்மொழியல்லாத ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். விமானி சொன்ன ஒரு தொடரை ஒருவர் ஒருவிதமாகவும் மற்றவர் வேறுவிதமாகவும் விளங்கிக்கொண்டார்கள். புறப்பட்ட விமானத்தின் பொறியியலாளர் மட்டும், மற்ற விமானம் பாதையை விட்டு விலகவில்லையோ என்று ஐயப்பட்டுக் கேட்டார். அனுபவம் மிக்க தலைமை விமானி அதைத் தள்ளிவிட்டார். சரியான கேள்வி கேட்கப்பட்டும் அதற்குச் செவி கிடைக்கவில்லை.

பிற்காலத்தில் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளருக்கும் ஆங்கிலத் தேர்ச்சி மட்டங்களை வகுத்தது. வேலைக்குரிய நான்காம் மட்டத்தை அடைய, ஐயம் எழுந்தால் சரிபார்க்கவும் உறுதிப்படுத்தவும் தெளிவு கேட்கவும் தெரிந்திருக்க வேண்டும். கேள்வி கேட்கும் துணிவு அங்கே மொழித் தேர்ச்சியின் ஒரு பகுதியாக எழுதப்பட்டது. வைத்தியசாலைகளிலும், வாய்மொழியாகத் தந்த பணிப்பைக் கேட்டவர் எழுதி, திருப்பி வாசித்து உறுதிப்படுத்த வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 2003 முதல் வலியுறுத்தப்பட்டது. இன்று என்னிடம் பயிலும் இளம் வைத்தியர்களுக்கு நான் முதலில் பழக்குவது அதுதான்.

சில காலத்தின் பின்னர் வெளிநாட்டுப் பயிற்சிக்காக ஐஈஎல்டிஎஸ் பரீட்சை எழுதினேன். செவிப் பகுதியில் 40 வினாக்கள், ஏறத்தாழ 30 நிமிடம். பதிவு ஒரு முறைதான் ஒலிக்கும். நல்ல புள்ளி கிடைத்தது. ஆனால் அங்கேயும் எவரையும் நிறுத்தி, "மன்னிக்கவும், திருப்பிச் சொல்ல முடியுமா?" என்று கேட்க வழியில்லை. அன்றிரவு என்னையும் ஒரு நோயாளியையும் காப்பாற்றிய அந்த ஒரு திறனைப் பரீட்சை அளக்கவில்லை.

இனி

எமது கல்லூரி எனக்குத் தந்தவை பல. ஆங்கில எழுத்தின் ஒழுங்கை அந்த டிக்டேஷன்தான் தந்தது. அதற்கு நன்றி உண்டு. இன்று அதே வகுப்பறையில் இருக்கும் தங்கைமாருக்கு மற்றப் பாதியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. எமது சங்கத்தின் அங்கத்தவர்கள் கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேர்ணிலும் ஒஸ்லோவிலும் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தமது வேலையைப் பற்றி ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் பேசிக் கைத்தொலைபேசியில் பதிந்து அனுப்பலாம். ஒவ்வொருவரின் உச்சரிப்பும் வேறாக இருக்கும்; பிள்ளைகளுக்கு வேண்டியதும் அதுதான். பேச்சில் ஒரு பிழையையோ பொருந்தாத ஓர் எண்ணையோ வேண்டுமென்றே வைத்துவிடுங்கள். பிள்ளைகள் அதைக் கண்டுபிடிக்கட்டும். பின்னர் ஒரு நாள் காணொளி அழைப்பில் வந்து, அவர்கள் உங்களை மறித்துக் கேட்பதற்கு இடம் கொடுங்கள். ஆங்கிலம் பிழைத்தாலும் பரவாயில்லை, கேள்வி வரட்டும். முதலாவது பதிவை நான் அனுப்புகிறேன். அதில் ஒரு மருந்தின் அளவு இருக்கும். அது சரியோ என்று எந்தப் பிள்ளை முதலில் கேட்கிறாள் என்று பார்க்க ஆவலாக இருக்கிறேன்.